கரிசலைத் தொடாத வீடு

திருநெல்வேலி மாவட்டத்தில், மானூர் தாண்டித் தேவர்குளம் பக்கம் எங்கள் ஊர் மண் கரிசல். உளுந்தும் பருத்தியும் நன்றாக வரும், சுவர் மட்டும் நிற்காது. ஐப்பசி மழைக்கு உப்பிக்கொள்ளும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும். அந்த மண்ணில் வழக்கம்போல வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கல்லடுக்கிக் கட்டியது எங்கள் பழைய வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே விரிசலுக்குச் சிமெண்ட் பூசுவதும் அப்பா காலத்திலிருந்து சேர்ந்து நடக்கிற வேலை. 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் வடக்குச் சுவர் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. இனிமேல் பூசிப் பிரயோஜனமில்லை, புதிதாகத்தான் கட்டவேண்டும் என்று ஆனது. கடைசியில் கட்டியது இரண்டு கப்பல் கன்டெய்னர்களை வைத்து.

கரிசலில் ஒழுங்காகக் கட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அண்டர் ரீம்டு பைல் என்பார்கள். மண்ணுக்குள் ஆழமாகத் துளை போட்டு, அடியில் மட்டும் குமிழாக அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவது. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே ஆராய்ந்து பரப்பிய முறை. தூண் ஓரடி விட்டம் என்றால் குமிழ் இரண்டரை அடி. மண்ணின் உப்பலும் சுருக்கமும் பெரும்பாலும் மேல் மூன்றரை மீட்டருக்குள்தான். குமிழ் அதற்குக் கீழே பிடித்துக்கொள்வதால் மேல்மண் என்ன ஆட்டம் ஆடினாலும் தூண் அசையாது.

செங்கல் வீடு என்றால் சுவர் போகிற இடமெல்லாம் பைலும் பீமும் கூடவே போகவேண்டும். இன்ஜினியர் போட்டுக் கொடுத்த கணக்கைப் பார்த்தால் தரைக்கு மேலே ஒரு கல் வைப்பதற்குள் கையிருப்பில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் கன்டெய்னர் யோசனை வந்தது. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற அந்தப் பெட்டி முழுப் பாரத்தோடும் நாலு மூலையில் மட்டும் நிற்கும்படி செய்யப்பட்டது. நாற்பதடிப் பெட்டி வெறுமையாக நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. சரக்கோடு சேர்த்து முப்பது டன்னுக்கு மேல் தாங்கும். நாலு மூலையில் பைல் இருந்தால் நடுவே மண் என்ன செய்தாலும் அதற்குக் கவலையில்லை. எனக்குக் கன்டெய்னர் பிடித்த காரணம் இது ஒன்றுதான். பார்க்க நவீனமாக இருக்கும், மலிவாக முடியும் என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். மலிவு விஷயத்தை நான் முழுதாக ஒப்புக்கொள்வதும் இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "ஏல, கப்பல்ல சாமான் ஏத்துத பொட்டிக்குள்ள மனுசன் குடியிருப்பானா? நிலை எங்கல வைப்ப?" என்றாள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிப் பயனில்லை, கட்டித்தான் காட்டவேண்டும். ஆனால் இரண்டாவது கேள்விதான் எங்கள் பிளானையே தீர்மானித்தது.

அதோடு பெட்டியின் அளவும் சேர்ந்துகொண்டது. நாற்பதடிப் பெட்டியின் வெளி நீளம் 12.19 மீட்டர், அகலம் 2.44 மீட்டர். உள்ளே அகலம் 2.35 மீட்டர்தான் மிஞ்சும், ஏழே முக்கால் அடிக்கும் ஒரு அரை அங்குலம் குறைவு. அதில் ஒரு கட்டில் போடலாம், அடுக்களை வைக்கலாம், குளியலறை வைக்கலாம். பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட முடியாது. கல்யாணம், சடங்கு, இழவு என்று ஊர் கூடும் வீட்டுக்குப் பட்டாசல், அதாவது நடுக்கூடம், வேண்டும். இதைப் படங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், இரண்டு பெட்டிகளை ஒட்டவைத்து நடுச்சுவர் இரண்டையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நெளிநெளித் தகடு வெறும் மறைப்பு அல்ல, மேல்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் பிடித்து நிறுத்துவதே அதுதான். முழுநீளத்துக்கு வெட்டினால் பெட்டி நடுவில் தொய்யும். தொய்யாமல் இருக்க உத்திரம், தூண் என்று புது இரும்பு வாங்கி வைக்கவேண்டும். அதாவது காசு கொடுத்து வாங்கிய பலத்தை வெட்டிப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, அதே பலத்தைப் புது இரும்பு விலைக்குத் திரும்ப வாங்குவது.

நாங்கள் பெட்டிகளை ஒட்டவைக்கவில்லை. கிழமேலாக நீளம் வரும்படி இரண்டு நாற்பதடிப் பெட்டிகள், நடுவே பதினாலு அடி இடைவெளி. அந்த இடைவெளிதான் பட்டாசல். தெற்குப் பெட்டியில் அக்கினி மூலைக்கு அடுக்களை, அடுத்துச் சாமான் வைக்கும் அரங்கு, கன்னி மூலையில் எங்கள் அறை. வடக்குப் பெட்டியில் அம்மா அறையும் பிள்ளைகள் அறையும், வாயு மூலையில் குளியலறை. மூன்றுக்கும் சேர்த்து மேலே ஒரே கூரை. இடைவெளியின் கிழக்கு முகத்தில் மட்டும் ஹாலோ பிளாக் சுவர், அதில் மரநிலை. பெட்டியில் நிலை வைக்க முடியாது, சுவரில் வைக்கலாமே. பழைய வீட்டு நிலையையே இழைத்து வைத்தோம். அம்மாவும் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

உயரத்தில் ஒரு சிக்கல் உண்டு, கட்ட நினைப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு மனிதர் புழங்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. சாதாரணப் பெட்டியின் உள் உயரம் 2.39 மீட்டர். ஹைகியூப் என்கிற உயரப் பெட்டியே 2.69 மீட்டர்தான், அதிலும் விதியைத் தொட ஆறு சென்டிமீட்டர் குறைகிறது. ஏசி வைத்த அறைக்கு 2.4 மீட்டர் போதும் என்று அதே தொகுப்பில் இருப்பதால், இன்ஜினியர் பெட்டிக்குள் வரும் அறைகளை ஏசி அறைகளாகக் குறித்து வரைபடம் கொடுத்தார். உயரப் பெட்டியைத் தவிர வேறெதையும் வீட்டுக்கு வாங்காதீர்கள். மின்விசிறி மாட்டினால் கையைத் தூக்கிச் சட்டை கழற்றும்போது பயமாக இருக்கக் கூடாதில்லையா.

தூத்துக்குடி எங்களுக்குப் பக்கம் என்பது பெரிய வசதி. திருநெல்வேலியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், நாலுவழிச் சாலை. துறைமுகத்தைச் சுற்றிப் பழைய பெட்டி விற்கும் யார்டுகள் இருக்கின்றன. விலை ஒரு நிலையில் நிற்காது. 2021ல் உலகம் முழுக்கப் பெட்டித் தட்டுப்பாடு வந்தபோது ஓட்டைப் பெட்டிக்குக்கூட ஏக கிராக்கி. இரும்பு விலை, கப்பல் வாடகை இரண்டையும் ஒட்டி ஏறி இறங்கும், ஆகவே நான் கொடுத்த விலையைச் சொல்லி உங்களுக்கு உதவாது.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை. ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். கதவிலும் பக்கச் சுவரிலும் கூரையிலும் அதே எண் இருக்கவேண்டும். அதைக் குறித்துப் படம் எடுத்துக்கொண்டு, பில்லிலும் எழுதச் சொன்னோம். ஏற்றுகிற அன்று வேறொரு பெட்டியை டிரெய்லரில் வைத்திருந்தார்கள். "எல்லாம் ஒரே சரக்குதான் சார்" என்றார் விற்றவர். எண் கையில் இருந்ததால் பேச்சு நீளவில்லை, இறக்கி மாற்றிக் கொடுத்தார்கள். கதவில் ஒரு தகட்டில் தயாரித்த வருஷம், மாதம், தரையின் பிளைவுட்டுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பதெல்லாம் பொறித்திருக்கும். அதையும் படம் எடுங்கள். வெளிநாட்டுப் பெட்டிகள் திரும்ப வெளியே போகவேண்டும் என்ற நிபந்தனையில் சுங்கவரி இல்லாமல் உள்ளே வருபவை. உள்நாட்டில் விற்றால் வரி கட்டியிருக்கவேண்டும், அதற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இருட்டில் நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் ஓட்டை. பக்கத்து ஒடுக்குகளைப் பெரிதுபடுத்த வேண்டாம், பட்டி பார்த்தால் போகும். கூரை குழிந்து தண்ணீர் நின்ற தடம், அடியில் குறுக்குச் சட்டங்களின் துரு, இந்த இரண்டையும் விடக்கூடாது. சமதளத்தில் வைத்திருக்கும் பெட்டியின் கதவு ஒருவர் இழுத்துத் திறந்து சாத்தும்படி இருந்தால் சட்டம் முறுக்கவில்லை என்று அர்த்தம். மோப்பமும் பிடியுங்கள். எங்களுக்கு முதலில் காட்டிய ஒன்றில் பச்சைத் தோல் நாற்றம், அது எந்தப் பெயிண்டுக்கும் போகாது.

பைல் வேலை வெயில் காலத்தில். பெட்டிக்கு ஆறு பைல் போட்டோம். வெட்டாத பெட்டிக்கு நாலு போதும். நாங்கள் கதவும் சன்னலும் வெட்டப்போவதால் நடுவில் இரண்டு. பைல் தலைகளை இணைக்கும் பீமை மண்ணோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் இடைவெளி விட்டுப் போட்டோம். அடியில் மண் உப்பினால் பீமைத் தூக்கிவிடும், ஆகவே அது உப்பிக்கொள்ள இடம் வேண்டும். கொத்தனாருக்கு இது பிடிக்கவேயில்லை. பலகையை எடுத்தபின் பீம் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து, "இதுல சரள் போட்டு அடைச்சிருவோமா?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். அடைத்தால் செய்ததெல்லாம் வீண். பட்டாசல் தரையையும் மண் நிரப்பி உயர்த்தவில்லை. இரண்டு பக்கத்துப் பீம்களின்மேல் இரும்பு உத்திரம் போட்டு, டெக்கிங் ஷீட் என்கிற நெளித்தகடு விரித்து, நாலு அங்குலக் கான்கிரீட். பெட்டிக்குள் தரையும் பட்டாசல் தரையும் ஒரே மட்டம், அம்மாவின் முழங்காலுக்காக. மொத்த வீடும் மண்ணுக்கு மேலே இரண்டடி. சுற்றிலும் கம்பிவலை அடித்திருக்கிறது, இல்லாவிட்டால் ஆடும் நாயும் கீழே குடியேறிவிடும். பாம்பு விஷயத்தில் வலையை ரொம்ப நம்பவேண்டாம்.

பெட்டிகளைப் புரட்டாசிக்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். கரிசல் நனைந்தால் டிராக்டரே இறங்காது, நாற்பதடி டிரெய்லரைப் பற்றிப் பேச்சே இல்லை. உயரப் பெட்டி 2.9 மீட்டர், டிரெய்லர் தளம் ஒன்றரை மீட்டர், ஆக ரோட்டிலிருந்து நாலரை மீட்டரை நெருங்கும். மெயின் ரோட்டில் பிரச்சினை இல்லை. ஊருக்குள் திரும்பிய பிறகு கேபிள் டிவி ஒயர், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். முன்கூட்டியே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, பெட்டி வரும் நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்லியிருந்தோம். கேபிள் ஒயரைத் தூக்கிப்பிடிக்கக் கவட்டைக் கம்போடு ஊர்ப் பையன்கள். இறக்குவதற்கு ஒரு ஹைட்ரா கிரேன் போதும் என்றார்கள், நான் இரண்டு சொன்னேன். எடை தூக்க ஒன்று போதும்தான். ஆனால் நாற்பதடியை ஒற்றை ஹைட்ரா நடுவில் தூக்கினால் பெட்டி சுழலும், கையைத் தூரமாக நீட்டினால் அதன் தூக்கும் திறனும் இறங்கிவிடும். தலைக்கொன்றாக இரண்டு பிடித்ததில் பைல் தலையில் இருந்த இரும்புத் தகட்டின்மேல் சரியாக உட்கார்ந்தது. கிழக்கு மூலைகளைத் தகட்டோடு வெல்டிங் செய்தோம். மேற்கு மூலைகளை நீள்துளை போட்ட தகட்டில் போல்ட் மாட்டினோம். பன்னிரண்டு மீட்டர் இரும்பு, முப்பது டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீளுவதற்கு வழி விட்டுவிட்டால் தொந்தரவில்லை.

வெட்டும் வேலைதான் வீட்டின் உயிர். என் வெல்டர் தம்பிக்குக் காற்றாலைக் கம்பெனி வேலையில் கை பழகியது. பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எங்க வெட்டணும்னு சொல்றதவிட எங்க வெட்டக் கூடாதுன்னு முதல்ல சொல்லிருங்க" என்றார். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினேன். மூலைத் தூண்களிலிருந்து இரண்டடிக்குள் கை வைப்பதில்லை, மேல்சட்டத்தைத் தொடுவதே இல்லை, இரண்டு வாசலுக்கு நடுவே குறைந்தது நாலடித் தகடு நிற்கவேண்டும். பெட்டிக்கு நாங்கள் விட்ட திறப்புகள் கொஞ்சம்தான். பட்டாசல் பக்கம் கதவுகள், வெளிப்பக்கம் நடுத்தர சன்னல்கள்.

முறை இதுதான். முதலில் மூன்றுக்கு ஒன்றரை அங்குல பாக்ஸ் பைப்பில் கதவுச் சட்டம் செய்து, தகட்டின்மேல் வைத்துப் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்துவிடுவது. அதன்பின் சட்டத்துக்கு உள்ளே தகட்டை வெட்டுவது. வெட்டிவிட்டுச் சட்டம் வைத்தால், இழுவை விட்டுப்போய்த் தகடு அலையும், சட்டம் கோணும். வெட்டுக்கோடு நெளிவின் தட்டையான முகத்தில் விழுமாறு கதவின் அகலத்தை நாங்கள்தான் அங்குலக் கணக்கில் மாற்றிக்கொண்டோம். தகடு 1.6 மில்லிமீட்டர், தொடர்ச்சியாக வெல்டிங் ஓடவிட்டால் ஓட்டை விழும், வெப்பத்தில் நெளியும். ஓரங்குலம் இங்கே, ஓரங்குலம் அந்தக் கோடியில் என்று மாற்றி மாற்றிப் போடவேண்டும். தம்பி வாயு பாய்ச்சி வெல்டிங் செய்கிற மிக் மெஷின் கொண்டுவந்திருந்தார். ஆனால் அது ஆடி மாசம். எங்கள் பக்கத்து ஆடிக்காற்று காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம், மிக் வெல்டிங்குக்கு எமன். வெல்டிங்கைக் காக்கிற வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், பற்றவைத்த இடம் நுரைத்துப்போய்ப் பொத்தல் விழும். தார்ப்பாயைக் கட்டிப் பார்த்தோம், தார்ப்பாய் பறந்தது. வெளிவேலை எல்லாவற்றையும் இரண்டரை எம்எம் வெல்டிங் ராடுக்கு மாற்றிவிட்டு, பெட்டிக்குள் இருந்த வேலைக்கு மட்டும் மிக் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு பெரிய வெட்டு உண்டு. "அடுக்களையில நின்னா பட்டாசல்ல யார் வாராகன்னு தெரியணும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். எட்டடித் திறப்பு. மேல்சட்டத்துக்கு அடியில் நாலங்குல இரும்புச் சேனல், இரண்டு பக்கமும் கீழ்ச்சட்டம் வரை தூண், அதில் ஒன்று நடுப் பைலுக்கு நேர்மேலே. அந்த ஒரு திறப்புக்குப் போன இரும்பும் கூலியும் மற்ற எல்லாக் கதவுகளுக்கும் போனதற்குச் சமம். அவளுக்கு அதில் திருப்தி, எனக்கும் இப்போது காபி குடித்துக்கொண்டே பேச முடிகிறது. வெட்டியெடுத்த தகடுகளை எடைக்குப் போடவில்லை. புறவாசல் கேட், பரண், மோட்டார் அறை எல்லாம் அதில்தான். கப்பல் பெட்டித் தகட்டில் தாமிரம் கொஞ்சம் கலந்திருக்கும், சாதாரணத் தகட்டைவிட நிதானமாகத்தான் துருப்பிடிக்கும்.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது முகமூடி இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. கப்பல் பெயிண்டில் என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தரை பிளைவுட்டிலும் அதே கதை. 28 மில்லிமீட்டர் கனம், பூச்சி வராமல் இருக்க மருந்து ஏற்றியது. அதன்மேல் எபாக்சி பூசி மூடிவிட்டு வாழலாம் என்பவர்கள் உண்டு. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் எனக்கு மனசு வரவில்லை. கழற்றிவிட்டுச் சிமெண்ட் ஃபைபர் போர்டு போட்டு டைல் ஒட்டினோம். கழற்றிய பலகையை விறகுக்குக் கேட்டார்கள். அதை எரிக்கவே கூடாது, மருந்துப் புகை. கொடுக்கவில்லை என்று ஒரு வருத்தம் ஊரில் இன்னும் இருக்கிறது.

வெயிலுக்கு வருவோம். மூடிய இரும்புப் பெட்டி பங்குனி மதியத்தில் எப்படி இருக்கும் என்று வேலையாட்களைக் கேட்டால் சொல்வார்கள். கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. இதற்கு உள்பக்கம் பஞ்சு அடைத்து ஜிப்சம் போர்டு போடுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் ஏற்கெனவே குறுகலான அறை இன்னும் குறுகும், ஏற்கெனவே பத்தாத உயரமும் போகும், இரும்பு வெளியே காய்ந்துகொண்டேதான் இருக்கும். வெயிலை இரும்பில் படவே விடாமல் தடுப்பதுதான் சரி என்பது என் கட்சி. பெட்டி மூலைகளிலிருந்தும் நடுத் தூண்களுக்கு நேர்மேலேயிருந்தும் கால் எழுப்பி, அதன்மேல் டிரஸ் என்கிற இரும்புச் சட்டம், அதன்மேல் ஐம்பது எம்எம் பஃப் பேனல், அதாவது இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பலகை. பெட்டியின் கூரைக்கும் பேனலுக்கும் நடுவே ஒன்றரை அடிக்குக் குறையாமல் இடைவெளி, காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகும். டிரஸ்ஸின் காலைப் பெட்டியின் கூரைத் தகட்டில் எங்குமே ஊன்றவில்லை, இரண்டு எம்எம் தகடு அது. பட்டாசலில் நடு உயரம் பதினோரு அடி கிடைத்தது. மழைச் சத்தமும் பேனலில் பாதி அமுங்கிவிடுகிறது.

கூரை தெற்கிலும் வடக்கிலும் மூன்றடி வெளியே நீண்டிருக்கிறது. தெற்கு சரி, வடக்கே எதற்கு என்று கேட்டார்கள். நாம் இருப்பது ஏறத்தாழ ஒன்பது டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கேதான் போகிறது. நிழல் இரண்டு பக்கமும் வேண்டும். மேற்குத் தலைப்பில் பெட்டியின் அசல் கதவுகளை அப்படியே விட்டு, வெளிமுகத்தில் வெப்பம் தடுக்கும் ராக்வூல் பஞ்சு அடைத்து ஃபைபர் போர்டு அடித்தோம். பட்டாசலின் மேற்கு முகத்தில் சுடுமண் ஜாலிக் கல். மாலைக் காற்று அதன் வழியே வரும். ஆடியில் காற்றோடு மண்ணும் வரும் என்பதால் உள்பக்கம் மடக்குக் கதவு. பஃப் பேனலுக்குக் காற்று அடியில் புகுந்து தூக்குவதுதான் பயம், அதனால் மேற்கு ஓரத்தில் ஸ்க்ரூ நெருக்கம் இரட்டிப்பு. கால்கள் பெட்டியோடு, பெட்டி பைலோடு இருப்பதால் கூரை தனியாகப் பறக்க வழியில்லை.

இரும்பும் சிமெண்டும் சந்திக்கும் இடத்தில் கொத்தனாருக்கும் வெல்டருக்கும் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். கிழக்குச் சுவர் பெட்டியைத் தொடும் இடத்தைக் கலவை வைத்துப் பூசிவிடலாம் என்று இவர், ஒரு கோடை தாங்காது என்று அவர். வெல்டர் சொன்னதே சரி, இரும்பு நீளுகிற அளவுக்குச் சிமெண்ட் நீளாது. அரை அங்குலம் இடைவெளி விட்டு, நுரைக் கயிறு திணித்து, பாலியூரித்தேன் சீலண்ட் அடித்து, மேலே மடித்த தகடு மூடி. மூடியைப் பெட்டிப் பக்கம் மட்டும் பொருத்தியிருக்கிறது, சுவர்ப் பக்கம் சும்மா சாய்ந்திருக்கும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வீடே இரும்பு என்பதால் ஓர் ஒயர் உரசினாலும் சுவர் முழுக்க மின்சாரம். இரண்டு பெட்டி, உத்திரம், டிரஸ் எல்லாவற்றையும் துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புப் பட்டையால் இணைத்து இரண்டு எர்த் குழி. மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற முப்பது மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஒயரெல்லாம் குழாய்க்குள், தகட்டை ஊடுருவும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம். கரிசல் ஈரம் பிடித்து வைப்பதால் எர்த்துக்கு மட்டும் நல்ல மண்.

கடன் கேட்டுப் போன ஓர் இடத்தில் "இது வீட்டுக்கடனில் வருமா, வண்டிக்கடனில் வருமா" என்று மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல. கையிருப்பும் நகையுமாகத்தான் முடித்தோம். செலவைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால், பெட்டிகளுக்கும் ஏற்றி இறக்கியதற்கும் கொடுத்தது மொத்தத்தில் நாலில் ஒரு பங்குகூட வராது. கூரையும் வெல்டிங்கும் பைலும் மீதியைச் சாப்பிட்டன. செங்கல் வீட்டைவிடக் கொஞ்சம் குறைவு, அதுவும் கரிசல் என்பதால். செவல் மண் இருக்கிற நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்தில் சாதாரண அஸ்திவாரமே போதும் என்கிறபோது, இதே வீட்டை லாபம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஒரு தோட்டத்து அறைக்கு இருபதடிப் பெட்டி வாங்கி, கதவையும் ஒரு சன்னலையும் மட்டும் வெட்டிக்கொண்டு நிழல்கூரை போடலாம், அது கட்டுபடியாகும்.

தை மாதம் பால் காய்ச்சினோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயிருக்கிறது. சீலண்ட் போட்ட இடம் எதுவும் விடவில்லை. பழைய வீட்டு மனையில் வழக்கம்போல மண் பிளந்துதான் கிடக்கிறது, பீமுக்கு அடியில் விட்ட மூன்று அங்குலம் மழைக்குப் பின் சில இடத்தில் ஒன்றரையாகி, கோடையில் திரும்ப மூன்றாகிறது. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

பெட்டிக்குள் போன் சிக்னல் கிடைப்பதில்லை. இரும்பு மறைத்துவிடுகிறது. சன்னலோரம் போனால் ஒரு கோடு வரும். அறைக்கொரு ஒய்ஃபை கருவி வைத்து அதன் வழியே அழைப்பு வரும்படி செய்திருக்கிறேன். கட்டும்போதே பட்டாசலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் நெட்வொர்க் ஒயர் இழுக்கக் குழாய் போட்டுவிடுங்கள், பிறகு ஓட்டை போடுவது பெரிய வேலை. அடிப்பக்கக் குறுக்குச் சட்டங்களுக்கு எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் வருஷம் ஒருமுறை கீழே தவழ்ந்து போய் டார்ச் அடித்துப் பார்த்து, துரு தெரிந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி அடிக்கவேண்டும். இரண்டடி உயரம் விட்டது அதற்கும் உதவுகிறது. இப்போது கட்டினால் இரண்டே கால் விடுவேன்.